கழித்துப் போட்ட சத்தம்

"அம்மா, நல்ல ஒலிக்கு இனிமே எதிர்காலம்னு ஏதாவது இருக்கா?"

கேட்டவர் தணிகாசலம். ஆயுள் முழுக்க ஒலிப்பதிவு செய்தவர். குன்றின் மேல் மடத்தில் துறவியாக இருந்த அகிலாண்டம்மா அவரைவிட வயதில் சின்னவர். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன், செத்துடுச்சா?"

"இழுத்துக்கிட்டு கெடக்கு. முழுத் தரத்துல பாட்டு விக்கிற தளம் ஒண்ணு இருந்துச்சு. அதையும் மூடுறாங்க. எல்லாருக்கும் போன்ல சின்ன ஃபைலா வந்தா போதும். பெரிய சத்தத்துக்கு அடியில கெடக்கிற சின்ன சத்தத்தையெல்லாம், காதுக்குத் தேவையில்லன்னு கழிச்சுப் போட்டுடுறாங்க."

"இதுக்கா மலை ஏறி வந்தீங்க?"

தணிகாசலம் தோளில் இருந்த மடிக்கணினிப் பையை இறக்கி வைத்தார்.

"என் சம்சாரம் பாடினது ஒரே ஒரு பாட்டுதான் இருக்கு. நான் பதிவு பண்ணது. அவ போய்ச் சேர்ந்துட்டா. மக வினோதா அதைச் சுருக்கி போன்ல ஏத்திக்கிட்டு, பஸ்ல கேட்டுக்கிட்டே வேலைக்குப் போவா. இது உங்கம்மா இல்லடி, உங்கம்மாவோட சக்கைன்னேன்."

"அதை மட்டும் முழுத் தரத்துல சொல்லியிருக்கீங்க."

"அன்னைக்கு வீட்டை விட்டுப் போனவ. அந்தச் சக்கையும் அம்மாதான்னு ஒத்துக்கிட்டாத்தான் வருவாளாம். எப்படிம்மா ஒத்துக்குவேன்? பாதி உசுரைக் கழிச்சுட்டாங்களே."

"கழிச்சதைக் கேக்க முடியுமா?"

முடியும். பெரிய பதிவிலிருந்து சின்னதைக் கழித்தால் மிஞ்சுவது அதுதான். தொழிலில் இருப்பவர்கள் செய்து பார்க்கிற சோதனை. எத்தனையோ பாட்டுக்குச் செய்திருக்கிறார். இந்தப் பாட்டுக்கு மனம் வந்ததில்லை.

"செய்ங்க. வினோதாவுக்குக் கிடைக்காத அம்மாவை நானும் கேக்கிறேன்."

மடிக்கணினியைத் திறந்தார். இரண்டு பதிவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் பொதுவாக இருப்பது அழிந்துபோகும்படி ஒன்றின் ஒலியலையைத் தலைகீழாக்கினார். ஹெட்போனை நீட்டினார்.

"முதல்ல நீங்க" என்றார் அகிலாண்டம்மா.

மாட்டிக்கொண்டார்.

பாட்டு இல்லை. குரல் இருந்த இடத்தில் மணல் சரிவதுபோல ஓர் இரைச்சல். சொல் இல்லை, ராகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உற்றுக் கேட்டார்.

கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெங்காயம் தீர்ந்துவிட்டது.

"இருக்காங்களா?"

"இல்ல."

"யாருமே இல்லையா?"

"அடியில ஒரு மூச்சுச் சத்தம். மைக்குக்கு இந்தப் பக்கம், கனமா."

"யாரு அது?"

தணிகாசலம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்தான்."