பதினொன்றாவது பரு

கோமதிநாயகத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குருவுக்கு நாற்பது.

ஊர் நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை மத்தியானங்களில் சலோமி டீச்சர் ஓவிய வகுப்பு நடத்திவந்தார். வருகிறவர்கள் எல்லாரும் பதின்மூன்றுக்கும் பதினாறுக்கும் நடுவில் இருந்தார்கள். கடைசி பெஞ்சில் கோமதிநாயகம் முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

அவர் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவர். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துப் பட்டறையில் விட்டார்கள். அந்தக் கையில் கோடு கோணாது, எழுத்து சாயாது. முகம் மட்டும் வராது. தை மாதத்தில் ஒருநாள் மாடியேறி வந்து நின்றார்.

"டீச்சர், சாகுறதுக்குள்ள ஒரு முகம் வரையணும்."

"யாரு முகம்?"

"யாராவது. மனுச முகம்னு தெரிஞ்சாப் போதும்."

"அப்ப இந்தப் பிள்ளைகளோட உக்காருங்க அண்ணாச்சி."

பிள்ளைகள் அவருக்கு 'நம்பர் பிளேட் சார்' என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. யாரும் அவரை அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஜூன் மாதம் ஆளுக்கொரு பெரிய அட்டையும் ஒரு கைக்கண்ணாடியும் கொடுத்துவிடுவார் டீச்சர். வருஷம் முழுக்க ஒரே படம். தன் முகம். எப்போது வேண்டுமானாலும் அதில் எதையாவது சேர்க்கலாம். யாரும் திருத்த மாட்டார்கள், மார்க் போட மாட்டார்கள். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் படங்களையும் சுவரில் மாட்டி ஊரைக் கூப்பிடுவார்கள்.

பாதி வருஷத்தில் சேர்ந்த கோமதிநாயகத்துக்கு அட்டை இல்லை. அந்த வருஷம் படங்களை மாட்டுகிற வேலையை அவரிடம் கொடுத்தார் டீச்சர்.

கண்காட்சிக்கு எட்டு நாள் முன்பு, சனிக்கிழமை காலையிலேயே அவர் வந்துவிட்டார். ஆணி அடித்தார். மட்டம் பார்த்தார். படங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டினார். முப்பிடாதியின் படத்தை எடுத்தவர் 'ச்சே' என்றார். பதினான்கு வயதுப் பெண்ணின் நல்ல முகம். மேலே சிவப்புச் சாயம் தெறித்துக் கிடந்தது. நெற்றியில், கன்னத்தில், மூக்கு நுனியில். எவனோ பிரஷ்ஷை உதறியிருக்கிறான்.

கறையைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. தோல் நிறத்தைக் குழைத்தார். ஒவ்வொன்றாக மூடினார். ஓரம் தெரியாமல் தேய்த்துவிட்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை என்று அவருக்கே தோன்றியது.

மத்தியானம் முப்பிடாதி முதல் ஆளாக வந்தாள். சுவரைப் பார்த்தாள்.

"எங்க சார்?"

"எதும்மா?"

"என் பரு."

அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த சுத்தியல் கனத்தது.

"பதினொண்ணு இருந்துச்சு" என்றாள். அவள் அழவில்லை. கண்ணாடியை மட்டும் மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

டீச்சர் மேலே வந்தபோது கோமதிநாயகம் ஈரப் பஞ்சை வைத்துப் படத்தின் கன்னத்தை ஒற்றிக்கொண்டிருந்தார். மூடிய சாயம் கரைந்தது. அடியிலிருந்த சிவப்பும் சேர்ந்து கரைந்தது. இரண்டும் கலந்து, வெட்கப்பட்ட கன்னம் மாதிரி ஆகியிருந்தது.

நடந்ததைச் சொன்னார். கடைசியில், "நான் நல்லதுதான டீச்சர் செஞ்சேன்? அழுக்குன்னு நெனச்சேன். எது அழுக்கு, எது படம்னு எப்படித்தான் கண்டுபிடிக்க?" என்றார்.

டீச்சர் மேஜையிலிருந்து ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றார்.

"கொஞ்சம் குனிங்க அண்ணாச்சி."

"என்னத்துக்கு?"

"நெத்தியில சுண்ணாம்பு தெறிச்சிருக்கு. தொடச்சி விடுதேன்."

அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். ஸ்டூல் சாய்ந்து விழுந்தது.

"டீச்சர், திருநீறு!"

"அப்படியா" என்றார் டீச்சர். துணியை மடித்து வைத்தார்.

கோமதிநாயகம் ஸ்டூலை நிமிர்த்தினார். வெகுநேரம் அதன்மேல் உட்காரவில்லை.

"எங்கெங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க டீச்சர். இப்பவே வச்சிருதேன். மில்லிமீட்டர் தப்பாம வச்சிருவேன்."

"எனக்குத் தெரியாது."

"பத்து மாசமா பாக்கீங்கள்ல?"

"பாக்கேன். அது என் மூஞ்சி இல்லியே."

"அப்ப நான் என்ன செய்ய?"

"அவ வீடு தெரியும்லா?"

தெரியும். ஆனால் மூன்று நாள் அந்தத் தெருவைச் சைக்கிளில் சுற்றிவிட்டுத் திரும்பினார். ஒருமுறை அவள் வீட்டு வாசல் வரை போய், அங்கே நின்ற பைக்கின் நம்பர் பிளேட்டைப் படித்துவிட்டு வந்தார். அவர் எழுதியதுதான்.

புதன்கிழமை இறங்கினார்.

அவள் அம்மா வாசலில் இலையும் தூளும் பரப்பிய சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலாலேயே தள்ளிவிட்டு, "உக்காருங்க அண்ணாச்சி" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏட்டி, யாரு வந்திருக்கா பாரு."

"யாரு?"

"பெயிண்டு சார்."

"நம்பர் பிளேட் சாரா? போகச் சொல்லு."

"பிள்ள நாலு நாளா இப்படித்தான்" என்றாள் அம்மா, நூலைப் பல்லால் கடித்தபடி. "எல்லாரும் பரு வந்தா மஞ்சள் தேய்ப்பாங்க. இவ பரு போயிட்டுன்னு சோறு திங்க மாட்டேங்கா."

கதவு பாதி சாத்தியிருந்தது. கோமதிநாயகம் அதைப் பார்த்துப் பேசினார்.

"ஏம்மா, ஒவ்வொண்ணும் எங்க இருந்துச்சுன்னு சொல்லுதியா?"

"என்னத்துக்கு? மறுபடி அழிக்கதுக்கா?"

"இல்லம்மா. எழுதிக்கிடுதேன்."

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முட்டை வடிவில் ஒரு கோடு போட்டார். காத்திருந்தார். அம்மா ஏழெட்டுப் பீடி சுற்றி முடித்தாள்.

"மொதல்ல எடது புருவத்துக்கு மேல" என்றது கதவு. "ஜூன்ல. ஸ்கூல் திறந்த அன்னைக்கு. வகுப்பு மாத்திட்டாங்க. என் பக்கத்துல யாருமே உக்காரல."

அவர் புள்ளி வைத்தார்.

"அடுத்து மூக்கு நுனி. கோமாளின்னு கூப்பிட்டானுவ. ஒரு வாரம் கைக்குட்டைய வச்சி மறைச்சிட்டே போனேன்."

புள்ளி.

"தாடையில ஒண்ணு. பெருசா."

"அது என்னைக்கு?"

"எங்க அத்தை மக கல்யாணம். மாப்பிள்ளை காருக்கு முன்னால ஆடுனேன். எல்லாரும் வையுதாங்க, நான் நிப்பாட்டவே இல்ல." கதவுக்குப் பின்னால் லேசாகச் சிரிப்பு. "மறுநாள் வந்துச்சு. அது நல்ல பரு."

அம்மா பீடி சுற்றுவதை நிறுத்தியிருந்தாள்.

"காதுக்குக் கீழ ஒண்ணு. அப்பா கேரளாவுக்குப் போன அன்னைக்கு. எங்கிட்டச் சொல்லிட்டுப் போகல. அந்தப் பரு போயிட்டு. ஆனா படத்துல அப்படியேதான் வச்சிருந்தேன்."

"எந்தக் காதும்மா?"

"வலது."

"உன் வலதா, படத்துக்கு வலதா?"

"கண்ணாடியில பாத்து வரைஞ்சதுல்லா? கண்ணாடிக்கு வலது."

"கண்ணாடிக்கு வலதுன்னா எனக்கு..." அவர் தாளைத் திருப்பினார். தன் காதைத் தொட்டுப் பார்த்தார். தாளை மறுபடி திருப்பினார். "அப்ப மொதல்ல வச்சது?"

"ஐயோ சார்."

கதவு திறந்தது. முப்பிடாதி வெளியே வந்தாள். பாவாடையை ஒதுக்கி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தாளில் விரல் வைத்தாள். அவள் முகத்தை அப்போதுதான் அவர் கிட்டத்தில் பார்த்தார். அதில் பரு இரண்டுதான் இருந்தது. மற்றதெல்லாம் எப்போதோ வந்து போனவை.

"இங்க. இங்க. இது ரெண்டும் ரெட்டை, ஜான்சியும் நானும் சண்டை போட்டுச் சேர்ந்தது. இது கணக்குப் பரீட்சை. இது..." நிறுத்தினாள். "இது சொல்ல மாட்டேன்."

"சொல்லாண்டாம்."

பத்து வந்தது. விரல் தாளின் மேல் அலைந்தது. நெற்றிக்குப் போனது, கன்னத்துக்கு வந்தது, இறங்கியது.

"இன்னொண்ணு?" என்றார்.

"ஞாபகம் வரல."

"மெதுவா யோசி."

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னே ஞாபகம் இல்ல சார். அதான் படத்துல இருக்குல்லான்னு மறந்துட்டேன்."

அவர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"தப்பு நடந்துபோச்சும்மா."

"ம்."

"சனிக்கிழமை வருவியா?"

"நீங்க தொடலைன்னா வருவேன்."

சனிக்கிழமை வந்தாள். கோமதிநாயகம் படத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். தாளை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கவிழ்ந்திருந்த கண்ணாடியை நிமிர்த்தினாள். சிவப்பைத் தொட்டு ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தாள்.

பக்கத்து மேஜை ராயப்பன் எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பதினைந்து. குரல் உடைந்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை. படத்தில் தனக்கு அடர்த்தியாக ஒரு மீசை வைத்திருந்தான். முகத்தில் அது இல்லை.

"ஏட்டி, மூஞ்சியா அது, மாதுளம்பழமா?"

"நீ மொதல்ல அந்த மீசைய எங்கேருந்து திருடுனன்னு சொல்லுல."

"அது வரும்டி" என்றான். 'வரும்' கீழே இருந்தது, 'டி' மேலே போய்க் கீச்சென்றது. வகுப்பே சிரித்தது. அவன் காது சிவந்தது. கொஞ்ச நேரம் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வந்தான்.

"அந்தச் செவப்பக் கொஞ்சம் குடு."

"என்னத்துக்கு?"

"குடேன்."

தொண்டையில், குரல்வளைக்கு நேரே, மேலிருந்து கீழே சிவப்பாக ஒரு விரிசல் வரைந்தான். கோடு கோணியது. கோமதிநாயகம் பின்னால் கட்டிய கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

பெஞ்சுகள் நகர்ந்தன. இன்னொருத்தி வந்து சிவப்பைத் தொட்டுக்கொண்டு போனாள். இன்னொருவன் வந்தான். யார் எதற்கு எடுக்கிறார்கள் என்று டீச்சர் கேட்கவில்லை. ஜன்னல் ஓரம் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

முப்பிடாதி பத்தையும் வைத்து முடித்தாள். பதினொன்றாவதற்காகப் பிரஷ் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு இறங்கி, கீழுதட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தது.

"ஞாபகம் வந்துட்டா?" என்றார் கோமதிநாயகம் ஆவலாக.

"இது அது இல்ல சார். இது புதுசு. போன ஞாயித்துக்கிழமை வந்தது." தன் உதட்டோரத்தைக் காட்டினாள்.

"யாரால?" என்றான் ராயப்பன்.

"நம்பர் பிளேட் சாரால."

மறுபடி சிரிப்பு. கோமதிநாயகமும் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை. ஜன்னல் பக்கம் போனார். நாளைக்கு ஊர் வரும். படம் சுவரில் இருக்கும். எண்ணிப் பார்க்கிறவர்களுக்குப் பதினொன்றும் இருக்கும்.

"டீச்சர்" என்றார் மெதுவாக. "மறந்துபோச்சே, அந்த ஒண்ணு. அது போனது போனதுதானா?"

டீச்சர் மேஜையைப் பார்த்தார். ஏழெட்டுத் தலைகள் ஒரே டப்பாவின்மேல் குனிந்திருந்தன.

"அண்ணாச்சி, செவப்பு தீரப்போவுது. கடையப் பூட்டுறதுக்குள்ள ரெண்டு டப்பா வாங்கிட்டு வந்துருங்க."