சுவரை நோக்கி ஓடிய கார்

கரூரில் பழைய கார் விற்கும் மாசிலாமணியிடம் எலக்ட்ரீஷியனாக இருந்தாள் செல்வராணி. ஒரு காரில் முன்சீட்டு ஏர்பேக் சென்சார் செத்துப்போயிருந்தது.

"எச்சரிக்கை விளக்கு எரியாம பண்ணிடு. வாயத் திறந்தா வேலை போயிரும்" என்றார் முதலாளி. அவளும் பயந்துபோய் அந்த விளக்கின் வயரை வெட்டினாள்.

வாங்க வந்தவளோ நிறைமாதக் கர்ப்பிணி.

"மோதினா ஏர்பேக் கண்டிப்பா விரியும்மா" என்று முதலாளி அடித்துச் சொன்னார். செல்வராணி கார் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க ஐயா, ஓட்டிக் காட்டிடலாம்" என்று முதலாளியைப் பக்கத்து முன்சீட்டில் உட்காரவைத்து, தானே ஸ்டியரிங்கைப் பிடித்தவள், மதில்சுவரை நோக்கி ஆக்சிலரேட்டரை மிதித்தாள்.

"பிரேக் போடு புள்ள!"

"எதுக்குங்கய்யா? அதான் ஏர்பேக் விரியுமே!"

"விரியாது! சென்சார் செத்துப்போச்சு!" தெருவே கேட்க அலறினார்.

சுவருக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. செல்வராணி இறங்கினாள்.

கர்ப்பிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கக்கா, வேற இடத்துல நல்ல வண்டியா நீங்களே பார்த்துக் குடுங்க."