கரடி கால் துடைத்த சட்டை

இருட்டிய பிறகு கதவுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு பெரிய மூக்கு மரத்தை மோந்து பார்ப்பதுபோல.

"அம்மா, கேட்டுதா?" என்றாள் ஜெசிந்தா.

"கேட்டுது," என்றார் குரு.

மலைமேல் ஒற்றை அறை. அதுதான் மடம். குருவுக்கும் ஜெசிந்தாவின் வயதுதான் இருக்கும்; ஆனாலும் எல்லாரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பயம் போக வழி கேட்டு, கைக்குழந்தையோடு அன்று மாலைதான் ஜெசிந்தா வந்து சேர்ந்திருந்தாள்.

கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போடவில்லை.

"அம்மா, தாழ்ப்பாள்..."

"கடைசியா உள்ள வந்தவங்க போடணும். இங்க அதான் வழக்கம்."

"நான்தான் கடைசி."

"தெரியும்."

கதவிடுக்கு வழியே பனி உள்ளே வந்து, தரையோடு தரையாக ஊர்ந்தது. அடுப்புத் தணலின் வெளிச்சத்தில் சுவர்கள் மெல்ல அசைவதுபோல் இருந்தன. கதவு எங்கோ தூரத்தில், வேறு யாருடைய வீட்டிலோ இருப்பதுபோல் தெரிந்தது.

"கால் வரமாட்டேங்குதும்மா. ஜெபமாலையும் சொல்லிப் பார்த்துட்டேன். ஏதாவது மந்திரம் இருந்தா சொல்லுங்க."

"மந்திரம் இல்ல. அமெரிக்காக்காரங்க கதை ஒண்ணு இருக்கு. கேக்குறியா?"

"இப்பவா?"

"நீதான் தூங்கலையே."

குரு கதை சொன்னார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"அமெரிக்காவில ஒரு காடு. காட்டுக்குள்ள மரக்கட்டை வீடு. புருஷன்காரன் தோல் விக்கச் சந்தைக்குப் போயிட்டான். பொண்டாட்டியும் கைக்குழந்தையும் மட்டும். ஒரு கரடி கதவைத் தள்ளித் தலையை நீட்டிச்சு."

"ஐயோ. தாழ்ப்பாள் போடலையா அவ?"

"நீ போட்டியா?"

ஜெசிந்தா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"பயத்துல அவ வாய்க்கு வந்தது ஒண்ணுதான். 'கால் பூரா சேறு. துடைச்சிட்டு வா'ன்னா."

"கரடிகிட்டயா?"

"வேற யாரு இருந்தாங்க அங்க? கரடி குனிஞ்சு காலைப் பார்த்துச்சு. வெளிய போச்சு. துடைச்சிட்டு வந்துச்சு."

"அம்மா, கரடி எங்கயாவது கால் துடைக்குமா?"

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு. ஆனா நல்லாத்தான் துடைச்சிருந்துச்சாம். விரலிடுக்கு உட்பட."

"எதுல?"

"கொடியில கிடந்த புருஷன் சட்டையில. வெள்ளைச் சட்டை. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போடுறது."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை அவள் மார்பின்மேல் குலுங்கியது.

"சிரிக்காத. அவ சிரிக்கல. சாம்பல்ல ஊறவெச்சு, கைத்தோல் உரியக் கசக்கின சட்டை. அந்தக் குளிர்ல காயவே மாட்டேன்னு அடம்பிடிச்ச சட்டை."

"வயிறு எரியாதா பின்ன? துவைக்கிறவளுக்குத்தானே தெரியும்," என்ற ஜெசிந்தா சட்டென நிமிர்ந்தாள். "அம்மா! வந்ததும் துவைச்சுப் போட்ட பாப்பா துணியெல்லாம் வெளிய கொடியிலதான் கிடக்கு."

"கிடக்கட்டும். கதை முடியல."

அதற்குள் அவள் குழந்தையைக் குருவின் மடியில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

பனிக்குள் எங்கோ நிலா கரைந்துகொண்டிருந்தது. கொடிக்கு அந்தப் பக்கம் கறுப்பாக, பெரிதாக ஒன்று நின்றது. அதன் மூச்சில் பழுத்த கொய்யா வாசம்.

"நகரு," என்றாள்.

நகர்ந்தது.

துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். சேறு பட்டிருந்த ஒன்றை மட்டும் தடவிப் பார்த்து, "இதை மறுபடி துவைக்கணும்," என்று முணுமுணுத்தாள்.

உள்ளே வந்தாள்.

"மிச்சக் கதை வேணாமா?" என்றார் குரு.

"காலையில சொல்லுங்கம்மா. தூக்கம் வருது," என்று சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளைப் போட்டாள்.