இலையில் விழுந்த பந்தல்

வெள்ளிமலைப் பாளையத்து ராஜா திருமேனியாருக்குப் பிறந்தநாள் வந்தது. ராஜாவுக்குக் கை தாராளம், கணக்கு மட்டும் ஆகாது. "ஆயிரம் பணம் தருகிறேன். ஆயிரம் பேருக்கு விருந்து. ஒருத்தர் பசியோடு எழுந்தாலும் சமையல்காரனுக்கு நூறு சவுக்கடி" என்று சொல்லிவிட்டு வேட்டைக்குப் போய்விட்டார்.

பணம் பிரதானி ரங்கப்பர் கைக்குப் போனது. அப்புறம் கேட்கவா வேண்டும்? பட்டுப் பந்தலுக்கு அறுநூறு. பந்தல் போட்டவர் அவர் மைத்துனர். புகழ்ப் பாட்டுக்கு முந்நூற்றைம்பது. எழுதியவர் அவர் மருமகன். மீதி ஐம்பதைச் சமையல்காரர் ஐயாவு கையில் வைத்து, "ஜமாய்த்துவிடு" என்றார்.

ஐயாவு அழாத குறையாக அரண்மனை விகடகவி கொண்டல்சாமியிடம் ஓடினார்.

"இலைக்கு அரைப் பணம் ஆகும் சாமி. ஐம்பது பணத்தில் நூறு பேர்தான் சாப்பிடலாம். மீதித் தொள்ளாயிரம் பேருக்கு என் முதுகைத்தான் பரிமாறணும்."

"முதுகு உன்னிடமே இருக்கட்டும். ஒரு கத்தரிக்கோல் கொடு."

விருந்தன்று ராஜா முதல் இலையில் உட்கார்ந்தார். இலையில் ஒரு முழம் பட்டுத் துணி, ஓலை நறுக்கில் ஒரு வரிப் பாட்டு, ஓரத்தில் ஒரு வாய் சோறு. ஆயிரம் இலையிலும் அதேதான். ராஜா அண்ணாந்து பார்த்தார். பந்தல் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

"என்னய்யா இது?"

"ஆளுக்கு ஒரு பணம் கொடுத்தீர்கள், மகாராஜா" என்றார் கொண்டல்சாமி. "பிரதானி அதைப் பிரித்த கணக்குப்படியே பரிமாறியிருக்கிறேன். நூற்றில் அறுபது பங்கு பந்தல், முப்பத்தைந்து பங்கு பாட்டு, ஐந்து பங்கு சோறு. கடித்துப் பாருங்கள், நல்ல பட்டுதான்."

ராஜா பட்டைப் பார்த்தார், பிரதானியைப் பார்த்தார். என்னைக் கேட்டால், அவருக்கு முதன்முதலாகக் கணக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

"ஐயாவு, பிரதானி வீட்டுக் களஞ்சியத்தைத் திறந்து எல்லாருக்கும் வயிறார ஆக்கிப் போடு. பிரதானியின் இலையை மட்டும் மாற்றாதே. அவர் பட்டையே சாப்பிடட்டும்."

அப்புறம் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொண்டல்சாமி விரலில் போட்டுவிட்டு, மெல்லக் கேட்டார்: "அடுத்த வருஷம் எப்படிக் கணக்குப் போடுவது?"

"எத்தனை இலையோ அத்தனை அரைப் பணத்தை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள், மகாராஜா. ஆயிரம் இலைக்கு ஐந்நூறு. மிஞ்சினதில் பந்தலும் பாட்டும். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் இந்த வானம் போதும். இதைப் போட்டவர் பிரதானிக்கு மைத்துனர் இல்லை."