சத்தம் போடாத ஓப்பனர்

“இன்னும் எத்தனை நாளைக்கு கிளாஸ் கழுவுறது, மதாம்?” என்று கேட்டார் தெய்வசிகாமணி.

புதுச்சேரிக் கடற்கரையோர விடுதி ஒன்றில் ஒயின் பரிமாறும் வித்தைக்கு அடேலின்தான் குரு. சீடருக்கு அவளைவிட இருபது வயது கூடுதல். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளாவது மேசைக்குப் போய்ப் பரிமாறிவிட வேண்டும் என்று மனுஷன் தவம் கிடந்தார்.

“கையில என்ன, அண்ணே?”

“புது ஓப்பனர். நானே செஞ்சேன். உங்க பழைய திருகி தக்கையோட மல்லுக்கட்டுது. இது ஒரே அமுக்கு. சத்தமே வராது.”

அடேலின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

“மூலை மேசைக்குப் போங்க. அவங்களுக்குப் பிடிச்சுதுன்னா, நாளையிலேருந்து நீங்களும் பரிமாறலாம்.”

மூலை மேசையில் ஒருவர் தம் புதுச் சம்பந்திக்கு விருந்து வைத்திருந்தார். தெய்வசிகாமணி ஒரே அமுக்கு அமுக்கினார். தக்கை பூனை மாதிரி வெளியே வந்தது.

விருந்து வைத்தவரின் முகம் சுருங்கியது.

“ஏற்கெனவே திறந்த பாட்டிலா?”

“இப்பதான் சார், உங்க கண்ணு முன்னாடி…”

சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, “தண்ணி கலந்திருக்கு” என்றார்.

“சம்பந்தி முன்னாடி என் மானத்த வாங்காதீங்க. வேற கொண்டாங்க.”

தெய்வசிகாமணி பாட்டிலோடு உள்ளே வந்தார். பாவம், அழுகையே வந்துவிட்டது.

அடேலின் அதே பாட்டிலில் அதே தக்கையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். வெள்ளைத் துணியைச் சுற்றினாள். பழைய திருகியோடு மூலை மேசைக்குப் போனாள்.

திருகினாள். முனகினாள். பாட்டிலை முழங்காலிடுக்கில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

“பாத்தும்மா, பாத்து” என்றார் விருந்து வைத்தவர். சம்பந்தி நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

டப்.

சம்பந்தி ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

“இதுதான்யா சரக்கு.”

விருந்து வைத்தவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடேலின் உள்ளே வந்ததும் தெய்வசிகாமணிக்குப் பொறுக்கவில்லை.

“அது நான் திறந்த அதே பாட்டில், மதாம்.”

“ஆமா அண்ணே.”

“அப்ப என் ஓப்பனர்ல என்னத்த மாத்தணும்?”

“ஓப்பனர் கிடக்கட்டும்” என்றாள் அடேலின். “உங்களுக்கு முனக வருமா?”