கிளிஞ்சல் பானை

கழிமுகத்தை ஒட்டிய அந்த மடத்தின் பெண் குருவுக்கு வயது முப்பது. சீடர்களில் ஒருத்தியான உமையாளுக்கு நாற்பத்தாறு. அக்கா என்றுதான் குரு அவளைக் கூப்பிடுவார்.

வாதத்தில் உமையாளை ஜெயித்தவர்கள் மடத்தில் யாருமில்லை. வீட்டில் ஒருவர் இருந்தார். கணவர் முத்தையன்.

மாட்டுப் பட்டியின் படல் கதவைத் திறந்துபோட்டது அவர்தான். ஊரே பார்த்தது. ஆனால் கன்று காணாமல் போனதும் பழியை மகள் வள்ளிக்கொடி தலையில் போட்டார். அப்பா தன் தப்பென்று சொல்லாமல் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று மாமன் வீட்டுக்குப் போனவள்தான், இரண்டு மாதமாகிறது. உமையாளும் தினம் சாட்சியோடு எடுத்துச் சொல்கிறாள். அவரும் தினம் ஒரு சட்டியை உடைக்கிறார்.

"அவர் வாயால் ஒப்புக்கொள்ள வைப்பது எப்படி, தாயே?" என்று குருவிடம் கேட்டாள் உமையாள்.

மடத்தில் வெள்ளையடிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புக்காகச் சூளையில் சுட்டு வந்த கிளிஞ்சல் ஒரு பானையில் கிடந்தது.

"தொட்டுப் பாருங்க அக்கா. சுடுதா?"

"இல்லை."

"இந்தக் குடத்துத் தண்ணி?"

"அதுவும் ஜில்லென்றுதான் இருக்கிறது."

"ஊத்துங்க."

ஊற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. என்னதான் ஆகிறது பார்ப்போமென்று பானைக்கு மேல் குனிந்தாள். குரு அவள் தோளைப் பற்றிப் பின்னால் இழுத்தார்.

இழுத்ததுதான் தாமதம், பானை சீறியது. கிளிஞ்சல்கள் நெல்பொரியாய் வெடித்தன. அடுப்பில்லை, விறகில்லை, தண்ணீர் தளதளவென்று கொதித்து, ஆவி கூரையை முட்டியது. உமையாள் தன் கையைப் பார்த்தாள். இதுவா சற்றுமுன் உள்ளங்கையில் குளிர்ந்து கிடந்தது?

"எங்கிருந்து வந்தது இந்தச் சூடு?" என்று கேட்டார் குரு.

"என்றைக்கோ சூளையில் வாங்கியது."

சொன்ன பிறகுதான் உமையாளுக்கு உறைத்தது. முத்தையன் எந்தச் சூளையில் வெந்தாரோ, இருபத்தைந்து வருஷத்தில் அவள் கேட்டதில்லை.

ஆனாலும் வாயாடி வாயாடிதான்.

"அப்படியானால் நான் தண்ணீரே ஊற்றக் கூடாதா? வாயை மூடிக்கொண்டு இருக்கவா?"

"ஊத்தாம சுவருக்கு ஏது வெள்ளை? இன்னைக்கு வீட்டுக்குப் போய் ஒரே ஒரு தரம் சொல்லுங்க. சொல்லிட்டு மகளைப் பார்க்கக் கிளம்பிடுங்க."

"பதிலுக்கு நிற்காமலா? தப்பு அவருடையது. விலகுவது நானா?"

குரு புகையும் பானையைப் பார்த்தார்.

"கொதிக்கிறது பானைதான் அக்கா. முகம் உங்களோடது."