இடப்பக்கத்துக் குரல்

பாளையங்கோட்டையில் ஒலித்தொகுப்பு கற்றுத்தந்த பர்வீனிடம் பாடம் கேட்க வந்தவர்களில் மூத்தவர் சுயம்புலிங்கம். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆசிரியையைவிட இருபத்தைந்து வயது கூடுதல்.

அவர் மனைவி இசக்கியம்மாள் போய்ச்சேர்ந்து ஓராண்டு ஆகப்போகிறது. தொண்டையில் புற்றுநோய். கடைசி மாதங்களில் மகளுக்குப் போனில் அனுப்பிய குரல்பதிவுகள்தான் மிச்சம். அந்தக் குரலோடு குக்கர் விசில், மழை, தெருச்சத்தம் எல்லாவற்றையும் அடுக்கி, பழைய வீட்டையே காதில் கேட்க வைக்க நினைத்தார். திதியன்று மகளிடம் கொடுக்க.

மூன்று மாதம் உழைத்தார். முடித்ததும் மகளுக்குப் போட்டுக் காட்டினார்.

"இது யாருப்பா?" என்றாள் மகள்.

மறுநாள் பர்வீன் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எங்க தப்பு பண்ணேன் டீச்சர்?"

பர்வீன் பதிவைப் போட்டுக் கேட்டார். குரல் நட்டநடுவில், எல்லாச் சத்தத்துக்கும் மேலே நின்றது. சின்னப்பெண் குரல்போல மெலிந்திருந்தது.

"சுருதியை ஏத்தியிருக்கீங்க."

"நோவு வந்தபிறகு கரகரத்துப்போச்சு. கேக்கப் பொறுக்கல."

பர்வீன் சுருதியைப் பழைய நிலைக்கே இறக்கினார். கரகரப்பு திரும்பி வந்தது. சுயம்புலிங்கம் தரையைப் பார்த்தார்.

"வீட்டுல எங்க உக்காருவீங்க?"

"முன்னறையில. டிவி முன்னால."

"அவங்க?"

"அடுக்களையில. எனக்கு இடப்பக்கம்."

பர்வீன் குரலை இடப்பக்க ஸ்பீக்கருக்குத் தள்ளினார். ஒலியளவைக் குறைத்தார். குக்கரும் மழையும் முன்னே வந்தன. அவற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் ஏதோ சொன்னாள்.

சுயம்புலிங்கத்தின் தலை தானாக இடப்பக்கம் திரும்பியது.

"அவதான்," என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவ என்ன சொல்றான்னு கேக்கல டீச்சர். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க."

"அப்பல்லாம் அவங்க சொல்றது கேக்கலைன்னா என்ன செய்வீங்க?"

"இருந்த இடத்துல இருந்தே, 'என்னளா?'ன்னு கத்துவேன். கைவேலையைப் போட்டுட்டு அவளே வந்து சொல்லுவா. உடம்புக்கு முடியாதப்பவும் வந்தா."

பர்வீன் சத்தத்தைக் கூட்டவில்லை.

"இனி அவங்களால வர முடியாது ஐயா," என்றார். "நீங்க எழுந்து அவங்ககிட்ட போங்க."